'இன்னும்' அண்ணன்

உங்கள் கம்பெனி பஸ்ஸிலும் ஒருத்தர் இருப்பார். எங்கள் பஸ்ஸில் அவர் சோழவரத்தில் ஏறுகிறார், விடிகாலை 5.10-க்கு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் 6 மணி ஷிப்ட். ஊரே வாயைப் பிளந்து தூங்குகிற நேரத்தில் படியேறும்போதே, "இன்னிக்கு புதுசா என்ன கத்துக்கப் போறோம்?" என்பார். யாரும் பதில் சொல்ல மாட்டோம். சொன்னால் அதில் ஓர் 'இன்னும்' செருகுவார்.

எல்லாம் ஒருநாள் டிரெய்னிங்கால் வந்த வினை. ஸ்டான்ஃபோர்டில் கரோல் ட்வெக் என்றொரு அம்மா, 2006-இல் 'மைண்ட்செட்' என்று புத்தகம் போட்டார், திறமையை வளர்த்துக்கொள்ளலாம் என்று நம்புவதுதான் 'குரோத் மைண்ட்செட்', சிகாகோ பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தேறாத பிள்ளைக்கு ஃபெயில் போடாமல் 'இன்னும் இல்லை' என்று போடுகிறார்கள் என்றெல்லாம் வந்தவர் சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் நடுவில் கொடுத்த வடையை ஞாபகம் வைத்துக்கொண்டோம். அண்ணன் 'இன்னும்' என்பதை வைத்துக்கொண்டார்.

தமிழில் இது அவருக்கு ரொம்ப வசதி. நமக்குத்தான் எதுவும் 'வராது' ஆயிற்றே. இங்கிலீஷ் வராது, கணக்கு வராது, பாட்டு வராது. என்னவோ அதுவாக செங்குன்றத்தில் பஸ் ஏறி வந்து சேரவேண்டியது மாதிரி. ஒருநாள் எனக்கு எக்ஸெல் வராது என்று வாய்விட்டேன். "வராதுன்னு சொல்லாதே. இன்னும் வரலைன்னு சொல்லு" என்று காரனோடைப் பாலத்தில் ஆரம்பித்த பிரசங்கம் கவரைப்பேட்டை தாண்டியும் ஓயவில்லை.

ஸ்டோர்ஸுக்கு பேரிங் வரவில்லை. "இன்னும்." இன்க்ரிமென்ட் வரவில்லை. "இன்னும்." 46 வயது ஃபிட்டர் ஒருவர் பெண் பார்ப்பதையே விட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறார். அவரிடமும், "கல்யாணம் இன்னும் ஆகலைன்னு சொல்லுப்பா." உச்சம் எதுவென்றால், ஒரு பையன் வந்து, "மாமனாருக்கு நெஞ்சுவலிண்ணா, நல்லவேளை, உயிருக்கு ஒண்ணும் ஆகலை" என்றான். அண்ணன் வாயிலிருந்து அனிச்சையாக வந்து விழுந்தது: "இன்னும்." அந்தப் பையன் ஒரு வாரம் பின் சீட்டில் போய் உட்கார்ந்தான்.

சோழவரத்துப் பெருமையையும் விடமாட்டார். உலகப்போர் காலத்தில் விமானத்துக்குப் போட்ட ஓடுதளத்தில் கார் ரேஸ் விடலாம் என்று எவனோ யோசித்தானே, அதுதான் குரோத் மைண்ட்செட் என்பார். ரேஸ்தான் 1990 வாக்கில் இருங்காட்டுக்கோட்டைக்குப் போய்விட்டதே என்றால் மட்டும் காது கேட்காது. கைசன் ஷீட் எழுதி வாங்கிய மூன்று டிபன் பாக்ஸ், ஜப்பானிய மொழியில் தெரிந்த ஏழு வார்த்தை, இதையெல்லாம் எழுத இங்கே இடமில்லை.

ஆனால் ஹெல்மெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணனுக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாது. விடிகாலையில் அண்ணிதான் பின்னால் உட்காரவைத்துக் கொண்டுவந்து இறக்குகிறார். அண்ணியோடே போயிருக்க வேண்டிய ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறுவார், தானே ஓட்டி வந்தவர் மாதிரி. மூன்று வருஷமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் பழகுகிறார். திங்கட்கிழமை முழங்கையில் பர்னால் மஞ்சள். "எப்படிண்ணா போகுது?" என்று கேட்டால் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்துவார். "நமக்கு அது வராதுப்பா." அந்த நிமிஷம் அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருக்கும்.

போன மாதம் நடந்ததைத்தான் என்னால் சிரித்துவிட்டு விட முடியவில்லை. கான்ட்ராக்டில் இருக்கும் தம்பி ஒருவன். எட்டு வருஷமாக அதே மெஷின், அதே வேலை. பக்கத்து மெஷின்காரர் வாங்குவதில் பாதிகூட அவன் கைக்கு வராது. வருகிற பயிற்சிப் பிள்ளைகளுக்கெல்லாம் வேலை சொல்லிக்கொடுப்பவனும் அவன்தான். "பர்மனென்ட் ஆகலைண்ணா" என்றான். அண்ணன், "இன்னும் ஆகலைன்னு சொல்லு. மைண்ட்செட்டை மாத்து" என்றார்.

அவன் மைண்ட்செட்டில் என்ன கோளாறு? கோளாறு எல்லாம் கான்ட்ராக்ட் பேப்பரில் இருக்கிறது. அந்த ட்வெக் அம்மாவே 2015-இல், பிள்ளை ஏன் தேறவில்லை என்று கேட்டால் 'அவன் மைண்ட்செட் அப்படி' என்று கைகழுவ என் பேச்சை எடுக்காதீர்கள் என்ற பொருளில் எழுதினார். டிரெய்னர் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை போலும்.

தம்பி கோபப்படவில்லை. "ண்ணா, உங்களை எத்தனை வருஷத்துல பர்மனென்ட் பண்ணாங்க?" என்றான்.

அண்ணன் பொய் சொல்கிற ஆள் இல்லை. "ஆறு மாசம்" என்றார்.

ஜனப்பன்சத்திரம் போயிற்று. தச்சூர் கூட்டுச்சாலை போயிற்று. முன் சீட்டில் யாரோ, "டீக்கடை திறக்கலைடா" என்றார்கள். பழக்கதோஷத்தில் நாங்கள் அத்தனை பேரும் அண்ணனைத் திரும்பிப் பார்த்தோம். அவர் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, அதன் பட்டையை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தார்.