வாத்துக்கு எந்த பாட்டில்? மெல்பர்னிலிருந்து மாமாவுக்கு

சிலிம் ரிவர் மாமாவுக்கு மருமகன் எழுதிக்கொள்வது.   அத்தை கேட்ட மாத்திரைகள் வாங்கியாயிற்று. "தீபாவளிக்கு வாத்து அடிக்கிறோம், நல்ல வைனாக ஒன்று கொண்டு வா" என்று நீங்கள் சொன்ன வேலைதான் இழுத்துக்கொண்டே போகிறது.

மெல்பர்ன்காரர்களிடம் வாத்து என்று வாயெடுத்தால் போதும், "பினோ நுவார்" என்று மறுமொழி வந்துவிடும். கோழிக்கு என்ன, ஆட்டுக்கு என்ன என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். வாத்து விஷயத்தில் மட்டும் ஊரே ஒரே கட்சி. இதில் கொஞ்சம் உள்ளூர்ப் பாசமும் உண்டு. நகரத்திலிருந்து காரில் ஒரு மணி நேரத்தில் எட்டிவிடும் யாரா பள்ளத்தாக்கிலும், கடலோர மோர்னிங்டன் தீபகற்பத்திலும் அதிகம் விளைவது அந்தத் திராட்சைதான். யாராவில் யெரிங் என்ற இடத்தில் 1838-இல் முதல் கொடியை நட்டார்கள். 1920-களில் தோட்டங்களை அழித்துவிட்டு மாடு மேய்த்தார்கள். 1960-களில் மறுபடி கொடி நட்டார்கள். கித்தாவை வெட்டிவிட்டு செம்பனை நட்ட நம் பேராக்காரர்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை.

உள்ளூர்ப் பாசத்தைக் கழித்தாலும் நியாயம் மிஞ்சும். பினோ நுவார் குளிர் தேசத்துத் திராட்சை, தோல் மெல்லியது. அதனால் துவர்ப்பு குறைவு, புளிப்பு தூக்கல். வாத்தின் தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு நாக்கில் படிந்து உட்கார்ந்துகொள்ளும். அதைக் கழுவப் புளிப்பு வேண்டும். வாத்து நெஞ்சுக்கறியோ கோழி மாதிரி வெளுப்பில்லை, நல்ல சிவப்பு. ஆகவே வெள்ளை வைன் சற்று இளைத்துப் போகும். கனத்த சிவப்பு வைன் கறியை அமுக்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது பினோ.

இதை பாக்ஸ் ஹில் பக்கம் ஒரு சீனச் சாப்பாட்டுக் கடையில் நேரில் பார்த்தாயிற்று. சமையல்காரர் முழு வாத்தைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து மேசைக்குப் பக்கத்தில் நிறுத்தினார். மொறுமொறுத்த தோலைத் தனியாகச் சீவி வைத்தார். மெல்லிய அப்பத்தில் இனிப்புச் சாந்தைத் தடவி, வெங்காயத்தாள், வெள்ளரிக்காய், தோல் வைத்துச் சுருட்டித் தின்ன வேண்டும். கூட வந்த அலுவலக நண்பர் பெருமையாக பரோஸா ஷிராஸ் என்ற கனத்த சிவப்பு வைனைத் திறந்தார். இனிப்புச் சாந்து வாயில் இருக்கும்போது குடித்தால் அதன் பழச்சுவையெல்லாம் ஓடிப்போய் கசப்பும் துவர்ப்பும்தான் நிற்கின்றன. அடுத்த மேசையிலிருந்த குடும்பம் பினோவோடு சத்தமில்லாமல் வாத்தை முடித்துக்கொண்டிருந்தது.

அந்த பாட்டில்கள் கடைக்காரருடையவை அல்ல, மாமா. இந்த விக்டோரியா மாநிலத்தில் பல உணவுக் கடைகளுக்கு பாட்டிலை வீட்டிலிருந்தே எடுத்துப் போகலாம். திறந்து கொடுத்து கிளாஸ் வைக்க 'கார்க்கேஜ்' என்று ஒரு கட்டணம். வேடிக்கை என்னவென்றால் பாட்டிலில் கார்க்கே கிடையாது. தெற்கு ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கில் 2000-ஆம் ஆண்டு ரீஸ்லிங் என்ற வெள்ளை வைனைத் தயாரிப்பவர்கள் பலர் கூடிப் பேசித் திருகுமூடிக்கு மாறினார்கள். மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள். இப்போது கிச்சாப் பாட்டிலைப் போலத் திருகினால் திறந்துகொள்கிறது. கட்டணம் மட்டும் பழைய பெயரிலேயே வாழ்கிறது.

ஆனால் அத்தை செய்வது சீனர் வாத்து அல்லவே! காய்ந்த மிளகாயும் மிளகும் சோம்பும் அரைத்துப் போட்ட பிரட்டல். அங்கே கணக்கு மாறுகிறது. மிளகாயின் எரிச்சலை உணரும் அதே நரம்பு முனையைத்தான் ஆல்கஹாலும் தூண்டுகிறது. 15 சதவீத ஷிராஸைப் பிரட்டலுக்கு ஊற்றினால் காரம் இரட்டிப்பாகும். பினோவும் 13-க்கு மேல் போனால் தடுமாறும். காரத்துக்கு வேண்டியது ஆல்கஹால் குறைந்த, லேசாக இனித்த, நன்றாகப் புளித்த ஒன்று. ஜெர்மனியின் மோசல் ஆற்றங்கரை ரீஸ்லிங்கில் 8, 9 சதவீதத்தில் அப்படிக் கிடைக்கிறது.

வைன் கடைப் பையன் ஒரு பழைய ரீஸ்லிங்கைத் திறந்து, "மண்ணெண்ணெய் வாசம் வருகிறதா?" என்று முகம் மலரக் கேட்டான். வந்தது! வயதான ரீஸ்லிங்கில் அந்த வாசம் இயற்கையாகவே ஏறுமாம். அதற்காகவே கூடுதல் பணம் கொடுப்பவர்கள் இருக்கிறார்களாம். லயத்து வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்தவர்கள் இதை இலவசமாகவே முகர்ந்திருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் பினோடாஜ் இன்னும் ஒரு படி மேல். 1925-இல் பெரோல்ட் என்ற பேராசிரியர் பினோ நுவாரையும் சின்ஸோவையும் கலப்பினம் செய்து உண்டாக்கிய ரகம் அது. மோசமாகச் செய்தால் எரிந்த ரப்பர் நாறும் என்பது அதன் மீதுள்ள பழைய புகார். ஒட்டுப்பால் நாற்றத்தில் வளர்ந்த குடும்பத்துக்கு அதையும் காசு கொடுத்து வாங்கிவர மருமகனுக்கு மனம் வரவில்லை.

யோசித்துப் பார்த்தால் காரத்துக்கு வைன் புத்தகம் சொல்லும் இலக்கணமெல்லாம் தோட்டத்துக் கள்ளுக்கு அப்படியே பொருந்துகிறது. ஆல்கஹால் குறைவு, கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் புளிப்பு, நாக்கில் குறுகுறுக்கும் நுரை. தாத்தா காலத்து ஆட்கள் கள்ளுக்கடை வாசலில் காரக்கறியோடு அதைக் குடித்தது வைன் நிபுணர்கள் கைதட்டக்கூடிய பொருத்தம். பாட்டிகள் கைதட்டவில்லை என்பது வேறு கதை. சம்பளம் அந்த வாசலிலேயே கரைந்தது; 1941 கிள்ளான் தோட்ட வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒன்று.

பீடோர் மூலிகை வாத்துக்கால் மீயைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். சீன மருந்து வேர்கள் ஊறிய அந்தச் சாற்றுக்கு எந்த வைனையும் கிட்டே கொண்டுபோகக் கூடாது என்பது மருமகனின் தீர்ப்பு. சூடான சீனத் தேநீர் போதும். தம்பி கிளாஸை நீட்டினால், 2017 டிசம்பர் 1 முதல் 21 வயதுக்குக் கீழே கடையில் விற்கவே கூடாது என்று சட்டத்தைக் காட்டி 100 பிளஸ் ஊற்றிக் கொடுங்கள்.

ஒரே சிக்கல். மலேசியச் சுங்கம் வரியில்லாமல் விடுவது ஒரு லிட்டர். பாட்டில் 750 மில்லி. பினோ ஒன்று, ரீஸ்லிங் ஒன்று என்று இரண்டு எடுத்து வர வழியில்லை. அத்தை பிரட்டலா, இல்லை இந்த முறை சீனர் கடையில் வாங்கிய வாட்டிய வாத்தா என்று முடிவாகச் சொன்னால்தான் பாட்டில் பெட்டிக்குள் போகும். ஞாயிற்றுக்கிழமைக்குள் வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடச் சொல்லுங்கள். அன்றைக்குத்தான் கடையில் தள்ளுபடி.