கயிறு சாத்திய ஏடு

கேள்வி: ரூன் எழுத்து பொறித்த கற்களைக் குலுக்கி எடுத்துப் பலன் சொல்கிறார்களே, அது ஐரோப்பாவின் பழங்கலையா? (வாசகர், மன்னார்குடி)

எழுத்து பழையது, கடையில் விற்கும் கல்பை புதியது. டென்மார்க்கின் விமோஸில் கிடைத்த சீப்பு ஒன்றில் கி.பி. 160 வாக்கிலேயே ரூன் இருக்கிறது. அந்த எழுத்தில் பொருள்களில் பேர் பொறித்தார்கள், இறந்தவருக்குக் கல் நிறுத்தினார்கள். குறி பார்த்ததற்குச் சான்றாகக் காட்டப்படுவது கி.பி. 98-இல் ரோமானியரான டாசிடஸ் எழுதியது: ஜெர்மானியர் பழமரக் கிளையைத் துண்டாக்கி, அடையாளமிட்டு, வெள்ளைத் துணியில் வீசி, மூன்றை எடுத்துப் பலன் சொல்வார்களாம். அடையாளம் என்றாரே தவிர எழுத்து என்று சொல்லவில்லை. இன்றைய முறையைப் பரப்பியது ரால்ஃப் பிளம் 1982-இல் வெளியிட்ட புத்தகம். அதிலுள்ள வெற்றுக்கல் பழைய ரூன் வரிசை எதிலும் கிடையாது.

கேள்வி: எழுத்தை வைத்துக் குறி பார்க்கும் வழக்கம் நம்மிடம் உண்டா? (வாசகி, சீர்காழி)

உண்டு, அதுவும் அழகான வழக்கம். தேவார ஏட்டைப் பூசித்து, இடையில் கயிற்றைச் சாத்தி, அந்த இடத்தைப் பிரித்துப் படிப்பார்கள். 13-ஆம் நூற்றாண்டில் பெண்ணாகடத்து அச்சுத களப்பாளருக்குப் பிள்ளையில்லை. குலகுரு சகலாகம பண்டிதர் கயிறு சாத்திப் பார்த்தார். வந்தது திருஞானசம்பந்தரின் திருவெண்காட்டுப் பதிகம், உங்கள் ஊருக்குப் பக்கத்துத் தலம். தம்பதி அங்கே போய் முக்குளத்தில் நீராடி வழிபட, பிள்ளை பிறந்தது. சுவேதவனப்பெருமாள் என்று பேர் வைத்தார்கள். சிவஞானபோதம் தந்த மெய்கண்டார் அவர்தான். ஏட்டைப் பார்த்துச் சொன்ன பண்டிதரே பிற்பாடு அவருக்குச் சீடராகி அருணந்தி சிவாசாரியார் ஆனார் என்கிறது சைவ மரபு. இதில் என்னைக் கட்டிப்போடுவது ஒன்றுதான்: ஏடு ஒரு பாட்டைக் கொடுத்தது, பாட்டு ஒரு ஊருக்கு வழி காட்டியது. மீதியை அவர்கள் நடந்து போய்ச் செய்தார்கள்.

கேள்வி: வைத்தீஸ்வரன்கோயில் நாடி ஓலைகள் அகத்தியர் கைப்பட எழுதியவையா? (வாசகர், பாபநாசம்)

இருக்க முடியாது. நம் ஈரக்காற்றில், பூச்சியரிப்பில், பனையோலை சில நூற்றாண்டு தாங்கினாலே பெரிது. அதனால்தான் தலைமுறைதோறும் பிரதி எடுத்தார்கள். கைரேகை கொடுத்ததும் ஓலைக்கட்டு வரும். அப்பா பேர் இதுவா, அம்மா பேர் இதுவா என்று ஒவ்வொரு ஏடாகக் கேட்டுக்கொண்டே போவார்கள். “ஆமாம், இல்லை” என்று சொல்லச் சொல்ல, விவரம் உங்களிடமிருந்தும் போகிறது. அதை மனதில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

கேள்வி: ரூன் ஏன் கோடு கோடாக, தமிழ் ஏன் வட்டம் வட்டமாக? (மாணவி, திருவாரூர்)

எழுதிய பொருள்தான் காரணம் என்பார்கள். மரத்தில் நார்ப்போக்கிலேயே வெட்டினால் கோடு தெரியாது. அதனால் ரூனில் படுக்கைக்கோட்டைத் தவிர்த்தார்கள். ஓலையில் நரம்போடு எழுத்தாணி ஓடினால் கிழியும். அதனால் நம்மவர்கள் வளைத்தார்கள்.

கேள்வி: பரணில் தாத்தா காலத்துச் சுவடிக்கட்டு இருக்கிறது. ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விடச் சொல்கிறார் பெரியம்மா. (வாசகர், திருவையாறு)

வேண்டவே வேண்டாம்! அப்படிக் காவிரியில் போன நூல்கள் எத்தனையோ. கும்பகோணம் கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டே உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராகத் தேடிச் சேர்த்த ஏடுகளால்தான் 1887-இல் சீவக சிந்தாமணி அச்சேறியது. உங்கள் கட்டில் வைத்தியம் இருக்கலாம், நிலக்கணக்கு இருக்கலாம், ஒரு பாட்டு இருக்கலாம். ஈரத்துணியால் துடைக்காதீர்கள், ஒட்டிய ஏடுகளைப் பிரிக்காதீர்கள். பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்துக்குப் போய், படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.