எத்தனை குச்சி?

எண்பதுகளில் திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் தெருவுக்கு ஒருவர் இருந்தார். பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. ‘ஆன்டெனாக்காரர்’ என்றால் வீடு வரை கூட்டிவந்து விடுவார்கள். ஆன்டெனாக் கடையில் அவர் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: “எத்தனை குச்சி?” எதிர்வீட்டில் ஐந்து என்றால் இவருக்கு ஒன்பது. அவர் ஆன்டெனா வாங்கியது படத்துக்காக அல்ல, பார்ப்பவர்களுக்காக என்பது என் கட்சி. டிவி கூடத்தில் இருக்கிறது. உள்ளே அழைக்கப்பட்டவர்தான் பார்க்க முடியும். ஆன்டெனாவோ ஜி.என்.டி. சாலையில் பஸ்ஸில் போகிறவரும் எண்ணிப் பார்க்கும்படி மொட்டைமாடியில் நிற்கிறது.

சென்னை சுமார் 45 கி.மீ. தூரம், ஐந்து குச்சிக்குப் படம் வருமா என்று அவருக்காகப் பரிந்து கேட்கலாம். நியாயந்தான். 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய சென்னைத் தொலைக்காட்சியின் அலை ஏறக்குறைய நேர்க்கோட்டில் வருவது. தள்ளியிருக்கும் ஊருக்குக் கம்பம் உயர வேண்டும், குச்சியும் கொஞ்சம் கூட வேண்டும். ஆனால் 1926 வாக்கில் ஜப்பானில் யாகியும் உடாவும் உருவாக்கிய அந்த வகை ஆன்டெனாவில் பட்டை வயர் மாட்டியிருப்பது ஒரே வளையத்தில். பின்னால் இருக்கும் குச்சி அலையைத் தடுத்துத் திருப்பும், முன்னால் இருப்பவை வழிகாட்டும். வழிகாட்டிகளை இரட்டித்தால் தெளிவு இரட்டிப்பதில்லை, பார்வைதான் குறுகுகிறது. குதிரைக்குக் கண்பட்டை கட்டியது மாதிரி. குச்சி கூடக்கூட திசையும் துல்லியமாக இருக்க வேண்டும். இவரோ குதிரையைச் சென்னைக்கு எதிர்த்திசையில், தடா பக்கம் திருப்பி நிறுத்தியிருப்பார். படத்தில் புள்ளி விழுந்தால் உடனே பூஸ்டர். பட்டறைக்குப் பட்டறை வெல்டிங் நடக்கும் ஊரில் அது தூர்தர்ஷனையும் வெல்டிங்கையும் ஒரே மரியாதையோடு பெருக்கிக் கொடுக்கும்.

“ஒரு ராத்திரி ரூபவாஹினி வந்துதே!” இது அவருடைய பிரம்மாஸ்திரம். வந்திருக்கலாம். 1982-இல் தொடங்கிய அந்த இலங்கை ஒளிபரப்பு வேதாரண்யத்துக்குப் பக்கத்துவீடு. கும்மிடிப்பூண்டிக்கு 600 கி.மீ.க்கு மேல். கடல்மேல் குளிர்ந்த காற்றின் தலையில் சூடான காற்று படியும் நாட்களில் அலை வளைந்து வெகுதூரம் வந்து சேரும். வானிலை போட்ட பிச்சையை அவர் குச்சிகளின் பேரில் வரவு வைத்துக்கொண்டார்.

இத்தனைக்கும் அவர் செய்ததில் அறிவியல் என்று ஒன்று உண்டென்றால், அது ஊரே சிரித்த காரியம்தான்: கம்பத்தைக் கட்டிப்பிடித்து இம்மி இம்மியாகத் திருப்பி, “தெரியுதா?” என்று கூவியது. மீட்டர் இல்லாத வீட்டில் டிவி முன்னால் இருக்கும் மனைவியின் கண்ணே மீட்டர். அதில் கோளாறில்லை, கோளாறெல்லாம் தபாலில். “வந்துடுச்சு, நிறுத்தச் சொல்லுடா” என்பதை ஜன்னலோரப் பையன் வாங்கி மாடிக்கு அனுப்புவதற்குள் கை இரண்டு விரற்கடை தாண்டியிருக்கும். இறங்கி வந்து புள்ளிகளை ஒருமுறை முறைத்துப் பார்ப்பார். சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்புவார்.

“பதினோரு குச்சியில இருக்கா?”