ஓரிரு இடத்துல உங்காடு இருக்கா?

வாய்யா மருமகனே. உக்காரு, திண்ணை ஒண்ணும் தேஞ்சு போயிராது. என்ன, ஒரு கண்ணு போன்ல, ஒரு கண்ணு மானத்துல? ரெண்டும் ஒத்துப் போகலியாக்கும். போனுக்குள்ள மழை கொட்டுது, வெளிய வெயிலு மண்டையப் பொளக்குது. அப்ப கொடைய உனக்குப் பிடிக்காத, போனுக்குப் பிடி.

'புரட்டாசி பாதி போயிருச்சு, புழுதியில உளுந்தப் போட்டுரலாமா மாமா'ங்குற. கேக்க வேண்டிய கேள்விதான். ஆனா '60 சதவீதம் மழைன்னு போட்டிருக்கு, பாதிப் பிஞ்சைக்கு மேல நனைஞ்சிரும்ல'ன்னு சேத்துக் கேட்ட பாரு, பன்னெண்டாப்பு படிச்சவன் பேச்சா அது? இன்னைக்கு மாதிரி பத்து நாள் வந்தா ஆறு நாள் மழை உண்டு, அதான் கணக்கு. மிச்சம் நாலு நாள் வானிலைக்காரன் சொன்னபடிதான் பெய்யாமப் போகுது. நீ அந்த நாலு நாள மட்டும் முடிஞ்சு வச்சுக்கிட்டு டீக்கடையில உக்காந்து அவன வைவ.

நுங்கம்பாக்கம் வானிலை மையத்துல இருந்து சொல்லுதாகளே, அதுலயும் உனக்குப் பாதிக் காதுதான். 'தூத்துக்குடி மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் மழை'ன்னா உனக்கு 'மழை' மட்டும் விழும். மழை அளக்க வச்சிருக்க இடம் நூறுன்னா, 25க்குள்ள நனைஞ்சாலே அவுகளுக்கு 'ஓரிரு இடம்'. 50 வரைக்கும் 'ஒரு சில இடம்', 75 வரைக்கும் 'அநேக இடம்', அதுக்கு மேல 'பெரும்பாலான இடம்'. நம்ம ஊரு சோசியரு இப்படிக் கணக்குச் சொல்லியா காசு வாங்குதாரு? அவர மட்டும் கையெடுத்துக் கும்பிடுவ.

மேகம் கடல்ல போயித் தண்ணி குடிச்சிட்டு வருதுன்னு சொல்லித்தான் எங்க ஆத்தா எனக்குச் சோறு ஊட்டுனா. நானும் அதையே சொல்லி உனக்கு ஊட்டிவிட்டேன். இப்ப மீசை வந்துருச்சு, உள்ளதச் சொல்லுதேன். உன் டிராக்டர் டயர்ல வால்வ அமுக்கிப் பாரு. உஸ்ஸுன்னு வர்ற காத்து வெரல்ல சில்லுன்னு படும். அடைஞ்சு கெடந்த காத்து விரிஞ்சா குளுந்து போகும், அம்புட்டுதான் சூச்சமம். கரிசல் மண்ணு பத்து மணிக்கே கால் வைக்க விடாது. அதத் தொட்டுக்கிட்டு இருக்க காத்தும் சூடேறி மேல கெளம்புது. போகப்போக அமுக்கம் கொறையுது, காத்து விரியுது, 100 மீட்டருக்கு 1 டிகிரி கணக்காக் குளுருது. ஒரு உசரத்துல, உள்ள இருக்க ஆவி அதுக்கு மேல ஆவியா நிக்க முடியாம நீராகுது. மேகத்துக்கு அடி அந்த உசரந்தான். மத்தியானத்து வெள்ளை மேகத்துக்கெல்லாம் அடி ஒரே மட்டமா இருக்கும், குனிஞ்ச தலை நிமிந்தாத் தெரியும்.

ஆவி சும்மா நீராகிறாது. ஒட்டிக்கிட ஒரு பொடி வேணும்: கடலுப்பு, புழுதி, அடுப்புப் பொகை. காலைல நீ வண்டியில கெளப்பிவிட்ட புழுதிக்கும் அதுல பங்கு உண்டு. கூலி கேட்டு மனு எழுதிராத. அப்படிச் சேந்த பொடித்துளி ஒரு 10 லட்சம் கூடினாத்தான் ஒத்த மழைச்சொட்டு. நீளம் அகலம் உசரம் எல்லாம் ஒரு கிலோமீட்டர்னு உள்ள வெள்ளை மேகத்துல 500 டன் தண்ணி கெடக்கும். அம்புட்டும் தலைக்கு மேலயே போகும், ஒரு சொட்டு விழாது. துளி அம்புட்டுப் பொடிசு, கீழருந்து ஏறுற காத்தே தாங்கிக்கிடும். உச்சி பரந்து தட்டையாகி ஒரு பக்கமா இழுபட்டுச்சுன்னா மட்டும் சேதி வேற. அது 12, 15 கிலோமீட்டர் ஏறிருச்சுன்னு அர்த்தம், இடியோட வரும். அப்பவும் வேப்பமரத்தடியில நின்னு போட்டோ எடுப்ப நீ.

ஆனி ஆடி மேகாத்த நம்பவே நம்பாத. மலைக்கு அங்கிட்டு ஏறையில குளுந்து கேரளாவுல கொட்டிப்புட்டு, இங்கிட்டு எறங்கையில அமுங்கிச் சூடாகி, இருக்க மேகத்தையும் கரைச்சுட்டு வருது. கயத்தாறு காத்தாலைக்குக் கொண்டாட்டம், நமக்குக் கண்ணுல மண்ணு. நம்ம பொழப்பு ஐப்பசி கார்த்திகைக் கொண்டல்ல இருக்கு. அதுக்குக் கீழ்வானத்தப் பாக்கணும், நீ மேக்க பாத்து உக்காந்திருக்க.

கம்ப்யூட்டரும் பாவம், பூமியக் கட்டங்கட்டிக் கணக்குப் போடுது. 2025 மே மாசம் நம்ம நாட்டுல விட்ட புதுக் கணக்குல கட்டம் 6 கிலோமீட்டர். அந்த ஒத்தக் கட்டத்துல நம்ம ஊரு, பக்கத்து ஊரு, ரெண்டு கம்மாய், உம் மாமியா வீடு எல்லாம் அடங்கிரும். கம்மாய்க்கு அங்கிட்டுப் பேஞ்சு இங்கிட்டுப் புழுதி பறக்குற சீமையில, அது உன் வரப்புக்கா சீட்டு எழுதித் தரும்?

பேரக் கேட்டும் மயங்காத, அளவக் கேளு. 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர். நம்ம சில்லாவுக்கு வருசம் முச்சூடும் அம்புட்டுக் கெடையாது. 20.4 சென்டிமீட்டரத் தாண்டிட்டா எல்லாத்துக்கும் 'அதி கனமழை'தான் பேரு. 21 பேஞ்சாலும் அதே, 95 பேஞ்சாலும் அதே.

சரி, உளுந்துக்கு வா. ஒரு தூத்தலுக்கு மேல்மண்ணு மட்டும் நனைஞ்சு, வெதை முட்டிப்போயி, பெறகு பத்து நாள் வெயில் அடிச்சா முளை அங்கனயே கருகிரும். வெதைக்காரன் திருப்பிக் குடுக்க மாட்டான். அஞ்சு நாள் சேதியில 'அநேக இடங்கள்' விடாம வரட்டும், காத்தும் கெழக்க திரும்பட்டும், அப்பப் போடு. அத்தை வத்தல் காயப்போட்டிருக்காளா, அதுக்கு மூணு மணி நேரத்துக்குன்னு தனியாச் சொல்லுதாக, அதப் பாரு. பத்து நாள் கழிச்சு மூணே கால் மணிக்கு மழைன்னு போன் காட்டுனா, அதக் கவுத்து வச்சிட்டுச் சோலியப் பாரு.

அதுவரைக்கும் டிராக்டர் சும்மாதான நிக்கும்? எங்காட்டுல ஒரு உழவு ஓட்டிட்டுப் போ. டீசல் காசா? லேசானது முதல் மிதமானது வரை எதிர்பார்க்கலாம் மருமகனே.