வயலும் ஈரநிலமே

கேள்வி: கொல்லிமலையின் குண்டனி நாட்டில் வாழ்பவர் ஒரு மதியப் பொழுதில் நீர்ப்பறவைகளைக் காண, மலைச்சாலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கித்தான் ஆக வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. 1971-இல் ஈரானின் ராம்சார் நகரில் உருவான ஒப்பந்தம், இயற்கையானதோ மனிதர் அமைத்ததோ, ஆண்டு முழுவதுமோ பருவத்தில் மட்டுமோ நீர் நிற்கும் நிலம் எதையும் ஈரநிலம் என்றே கொள்வதால், மலைப் பள்ளங்களில் படிப்படியாக இறங்கும் நெல்வயலும் அதில் அடங்கும். அங்கே சேற்று நிறத்தில் அசையாது நிற்கும் மடையான், குருட்டுக்கொக்கு என்று பெயர் வாங்கியும் தவளையைத் தவறவிடாத கூர்ங்கண் உடையது. எழுந்து பறக்கையில்தான் அதன் வெள்ளைச் சிறகு வெளிப்படும்.

பெருங்கூட்டத்தையே காண விரும்புவோருக்கு, 2024 ஜனவரியில் அந்த ராம்சார் ஒப்பந்தத்தின் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரி உண்டு. உச்சி வெயிலில் பறவைகளும் ஓய்வெடுப்பதால், வெயில் தாழ்ந்தபின், சூரியன் முதுகுப்புறம் இருக்குமாறு மேற்குக் கரையில் நிற்பது நல்லது. குளிர்காலத்தில் அங்கு வரும் வரித்தலை வாத்து, அதாவது வெண்தலையில் இரு கரும்பட்டைகள் கொண்ட வலசைப் பறவை, ஒரு கொண்டை ஊசி வளைவும் இல்லாமல் இமயத்தையே கடந்து வந்தது.