மறதி வாழ்க!

தெருமுனையில் என் மளிகைக்கடை இன்னும் திறந்திருக்கிறதென்றால் அது என் உழைப்பால் அல்ல. இந்தத் தெருக்காரர்களின் ஞாபகமறதியால்தான்.

மாதம் பிறந்ததும் எல்லோரும் பெரிய கடைக்குப் போய் மூட்டை மூட்டையாக வாங்கி வருகிறார்கள். என் கடையைத் தாண்டும்போது மட்டும் வண்டி கொஞ்சம் வேகமெடுக்கும். அரைமணி நேரத்தில் அந்த வீட்டுப் பையன் மூச்சிரைக்க வந்து நிற்பான். “அண்ணாச்சி, அம்மா கடுகு வாங்கிட்டு வரச் சொன்னாங்க. அடுப்புல எண்ணெய் காயுதாம், சீக்கிரம்!” எண்ணெய் வாங்கியது அங்கே. அது காய்ந்தால் மட்டும் என் பொறுப்பு.

ஷாம்பும் அப்படித்தான். பெரிய பாட்டில் தீர்ந்துபோனது, தலையில் எண்ணெய் வைத்த பிறகுதான் தெரியவரும். அப்போது கைகொடுப்பது என் கடையில் சரமாகத் தொங்கும் பாக்கெட். ஷாம்பைப் பாக்கெட்டில் அடைத்து விற்ற கடலூர் சின்னிகிருஷ்ணன் படத்தைக் கல்லாவுக்கு மேல் மாட்டலாமென்று ஆசை. பிள்ளையாரும் லட்சுமியும் முன்னாடியே இடம் பிடித்துவிட்டார்கள்.

2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை. மஞ்சப்பையை மறக்காதீர்கள் என்று அரசாங்கமும் சொல்லிப் பார்க்கிறது. போன வாரம் ஒரு சார் ஆறு முட்டையை ஹெல்மெட்டில் போட்டு எடுத்துப்போனார். அந்த ஹெல்மெட் எதையாவது பாதுகாத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கடன் நோட்டில் மட்டும் இந்த மறதி என்னையே பதம் பார்க்கும். ஸ்கேன் செய்து பணம் போடும் வசதி வந்ததும் நோட்டுக்கு வேலையில்லை என்று நம்பினேன். “சர்வர் டவுன் அண்ணாச்சி, வீட்டுக்குப் போய்ப் போட்டுவிடறேன்” என்று ஒரு புது வகைக் கடன் முளைத்திருக்கிறது. பணம் வந்தால் தெருவுக்கே கேட்கக் கத்தும் பெட்டி ஒன்றும் வைத்திருக்கிறேன். அதனாலேயே எதிர்வீட்டு மாமா சிகரெட்டுக்கு மட்டும் ரொக்கமாகக் கொடுப்பார். மாடியிலிருக்கும் மாமிக்குக் காது ரொம்பக் கூர்மை.

இத்தனையும் மறப்பவர்கள் ஒன்றை மட்டும் மறந்ததே கிடையாது: கொசுறுக் கறிவேப்பிலை. பத்து ரூபாய்க்குப் பெருங்காயம் வாங்கினாலும் கை நீளும். பெரிய கடையில் அதையே எடை போட்டு, ஸ்டிக்கர் ஒட்டி, காசுக்கு விற்கிறார்கள். “அங்கே இப்படி ஓசியில் கேட்பீங்களாம்மா?” என்று ஒரு அம்மாவிடம் கேட்டே விட்டேன்.

“அங்க எனக்கு யாரைத் தெரியும், கேக்கறதுக்கு?” என்றார்.

எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. கை நிறைய அள்ளிக் கொடுத்தேன். வாங்கி ஒரு புரட்டுப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“என்ன அண்ணாச்சி, நேத்து மாதிரி இல்லையே. வாடிக் கிடக்கு?”