நாலில் மூன்று பங்கு பூட்டு

என் ஆசையின் எடை ஐம்பத்திரண்டு கிலோ. பழைய இரும்புக் கடைத் தராசிலேயே போட்டுப் பார்த்துவிட்டேன்.

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் தமிழ்நாட்டுத் தியேட்டர்கள் வரிசையாக டிஜிட்டலுக்கு மாறின. அதுவரை ஆயுதபூஜைக்குச் சந்தனம் குங்குமம் வாங்கிக்கொண்டிருந்த 35 எம்.எம். புரொஜக்டர்கள் கிலோக் கணக்கில் மாடியிலிருந்து இறங்கின. அப்படி இறங்கியதில் ஒன்று, திண்டுக்கல்லில் ஒரு கடையில் கிரைண்டர் கல்லுக்கும் சைக்கிள் பாருக்கும் நடுவில் குந்தியிருந்தது. கம்பெனிப் பெயர்த் தகடுகூட இல்லை. இரும்பு விலைக்கே வாங்கி, ஆட்டோவில் ஏற்றி வந்தேன்.

“என்னங்க இது, மாவரைக்குமா?” என்றாள் மனைவி.

“படம் காட்டும்.”

“அதைத்தான் கல்யாணமான நாளிலிருந்து நீங்களே காட்டுறீங்களே.”

திறந்து பார்த்தால், நெஞ்சுப் பகுதியில் இருக்க வேண்டிய சின்னச் சக்கரம் உடைந்திருந்தது. சிலுவை போல நாலு பக்கமும் பிளவுள்ள சக்கரம். மால்டீஸ் கிராஸ் என்பார்கள், ஜெனீவா என்றும் சொல்வார்கள். பக்கத்தில் ஒரு வட்டத் தட்டு விநாடிக்கு 24 சுற்று சுற்றும். அதன் முனையிலுள்ள முளை ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பிளவுக்குள் நுழைந்து, சிலுவையைக் கால் சுற்றுத் தள்ளிவிட்டு வெளியேறும். கால் சுற்றுக்குப் பிலிம் ஒரு கட்டம் கீழே இறங்கும். இரண்டரை மணி நேரப் படத்துக்கு 2,16,000 கால் சுற்று. உடையாமல் என்ன செய்யும்?

சென்னைக்குப் போன் போட்டேன். “என்ன கம்பெனி சார்?” என்றார்கள். தெரியாது என்றேன். பெயரும் ஊரும் தெரியாத மாப்பிள்ளைக்குப் பெண் கேட்டவனைப் போல என்னை நடத்தி, போனை வைத்தார்கள். உள்ளூர் லேத்துப் பட்டறையில் “டிராயிங் இருக்கா?” என்றான் பையன். ராத்திரி முழுக்க உட்கார்ந்து வரைந்து கொண்டுபோனேன். இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, “கோலமா சார்?” என்றான்.

1905-ல் திருச்சியில் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படக் கருவியை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பிய சாமிக்கண்ணு வின்சென்ட்டை நினைத்துக்கொண்டேன். வழியில் ஏதாவது உடைந்திருந்தால் மனிதர் யாரிடம் போயிருப்பார்? அந்த ஊரில் இரும்பை அறிந்தவரிடம்தான். எங்கள் ஊரில் இரும்பை அறிந்தவர் என்றால் பூட்டுக்காரர்.

நாகல் நகர்ப் பக்கம் ஒரு பட்டறை. பெரியவருக்கு எழுபது வயசிருக்கும். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அலிகார் மிஷின் பூட்டுகளோடு விலையில் மல்லுக்கட்டி, பட்டறைகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டு வந்த காலத்தில் வந்த மரியாதை அது. இவர் இன்னும் மாங்காய்ப் பூட்டுக்கு லீவரைக் கையால் ராவிக்கொண்டிருந்தார். உடைந்த சக்கரத்தை நீட்டினேன்.

“இது எதைப் பூட்டுது தம்பி?”

“பூட்டு இல்லண்ணே. சினிமா மிஷின் சாமான்.”

“எந்த மிஷினாவும் இருக்கட்டும். எதைப் பூட்டுதுன்னு சொல்லு.”

வட்டத் தட்டையும் வாங்கி இரண்டையும் பலகையில் பொருத்தி, விரலால் மெல்லச் சுற்றினார். முளை உள்ளே போனது, தள்ளியது, வெளியே வந்தது. அப்புறம் தட்டின் வளைவு சிலுவையின் குழிவில் போய் உட்கார்ந்துகொண்டது. சிலுவையை ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை.

“இந்தா, பூட்டிருச்சுல்ல? கால் பங்குதான் திறக்குது. முக்கால் பங்கு பூட்டியே கிடக்கு.”

இந்த மிஷின் பிலிமை ஓட்டுகிறது என்றுதான் ஐம்பது வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன். இல்லை, நிறுத்துகிறது. ஒவ்வொரு கட்டத்தையும் வெளிச்சத்துக்கு முன்னால் பூட்டி நிறுத்தி, நாம் பார்த்த பிறகுதான் விடுகிறது. நூறு நாள் ஓடிய படம் என்று போஸ்டர் ஒட்டினோமே, அதில் எழுபத்தைந்து நாள் நின்றுகொண்டுதான் இருந்திருக்கிறது!

நாலு நாள் ராவினார். பிலிமைச் சுருட்டும் பக்கத்துக்கு வேண்டிய பெல்ட்டுக்கு பேகம்பூரிலிருந்து ஒரு தோல் வார் வந்தது. கார்பன் குச்சி எரிக்க வீட்டுக் கரண்ட் தாங்காது என்பதால் பல்பு மாட்டினேன். ஓட விட்டால், படம் காவடியாட்டம் ஆடியது. பிலிமில் 21 மில்லிமீட்டர் அகலமுள்ள படம் மொட்டைமாடிச் சுவரில் ஏழு அடியாகிறது, அதாவது நூறு மடங்கு. சக்கரத்தில் மயிரிழை பிசகினால் சுவரில் விரல்கடை நகரும்.

ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் கலங்கவில்லை.

“ஒவ்வொரு தடவையும் குதிக்குதா, விட்டு விட்டுக் குதிக்குதா?”

“விட்டு விட்டுத்தாண்ணே.”

“அப்ப நாலு வாசல்ல ஒரு வாசல்தான் குத்தம். கொண்டா.”

அரத்தால் இரண்டு இழுப்பு. அவ்வளவுதான். கூலி கேட்டேன். “பூட்டு விலையே குடு. சாவி இல்லாத பூட்டு, அதனால கொஞ்சம் குறைச்சுக்க.”

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மொட்டைமாடியில் திரையீடு. கைவசம் இருந்தது பழைய செய்திப்படத் துண்டு ஒன்றுதான், 200 அடி. அந்தக் காலத்தில் ஜனங்கள் எழுந்துபோய்க் கடலை வாங்கிவர ஒதுக்கிய அதே வெள்ள நிவாரணக் காட்சி. எங்கள் வீட்டில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க நேரமும் இல்லை. இரண்டேகால் நிமிஷத்தில் முடிந்துவிட்டது. அதற்குள் 3,200 தடவை பூட்டித் திறந்திருந்தது. தினம் ஒரு தடவை வாசல் கதவைப் பூட்டித் திறந்தால் ஏறக்குறைய ஒன்பது வருஷக் கணக்கு.

“முடிஞ்சுதா? இதுக்கா மூணு மாசம்?” என்றாள் மனைவி. ஆனாலும் “இன்னொரு தடவை போடுங்க” என்றாள்.

பெரியவரையும் அழைத்திருந்தேன். நாங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் சுவருக்கு முதுகைக் காட்டி, மிஷினருகில் காதைச் சாய்த்து நின்றார். வெளிச்சம் அணைந்ததும் திரும்பினார்.

“எப்படிண்ணே இருந்துச்சு படம்?”

“படமா? அதை யாரு பாத்தா. பூட்டு நல்லா விழுகுது.”